கையிருப்பு நாள்

முப்பத்தொரு வருடம் ஒகாயாமாவில் டவுன் பஸ் ஓட்டியவன் நான். ஆறு இருபத்து மூன்று என்றால் ஆறு இருபத்து மூன்றுதான். பின்னால் ஓடி வருகிறவர்களுக்காக ஒருநாளும் நிறுத்தியதில்லை. அந்தக் கர்வத்தோடு போட்ட கடல் பயணத் திட்டத்தை நிஷிவாகிக்குப் போனில் படித்துக் காட்டினேன். சிரித்தால் அவனுக்கு வலிக்கும் என்று அவன் மனைவி ஃபுமியே எச்சரித்திருந்தார். இருந்தும் சிரித்தான்.

"டேய், ஏழு பதினாலு, எட்டு நாப்பத்தொண்ணுன்னு அடுக்கியிருக்கியே, கடலுக்கு ஒரு காப்பி அனுப்பிட்டியா?"

நிஷிவாகி படகுச்சேவையில் கேப்டனாக இருந்தவன். கல்லீரலில் வந்த நோய்க்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், ஓஷிமா தீவில் சரிவின் மேலிருக்கும் வீட்டுக்கே திரும்பிவிட்டான். படுக்கையை ஜன்னலோரம் போடச் சொன்னானாம். கீழே குருஷிமா நீரிணை. நாங்கள் இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பாய்மரப் படகு உஷிமாதோவில் என்னிடம் கிடந்தது. அவன் அதைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. பாய் விரித்து ஒரு தடவை அந்த ஜன்னலைத் தாண்டிப் போக வேண்டும், படுத்தபடி பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

"வேகம் எவ்வளவு போட்டிருக்க?"

"ஆறு நாட்."

"நம்ம படகா? மலை உச்சியிலேர்ந்து தள்ளிவிட்டாலும் ஆறு போகாதுடா. நாலுன்னு எழுது."

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். புதன், ஷிராய்ஷி தீவு வரை. வியாழன், யுகே தீவு. வெள்ளி காலை ஆறுக்கு யுகேயை விட்டுப் பத்து நாற்பதுக்கு நீரிணை. நீரோட்டம் நின்று திசை மாறுகிற நேரம் அது. முன்னே பின்னே ஆனால் எங்கள் படகு பாயை விரித்துக்கொண்டு கம்பீரமாகப் பின்னால் போகும்.

"சீக்கிரம் வந்தா வெளியில நில்லு. லேட்டானா திரும்பிப் போ. கை கால் ஆட்டிட்டு நிக்காத, ரெண்டு கையும் சுக்கான்ல இருக்கணும். தடங்கல் வந்தா சனிக்கிழமை கையிருப்பு நாள்."

"கையிருப்பு எதுக்கு? வெள்ளிக்கிழமையே வந்து நிக்கறேன் பாரு."

"எழுதுடா. காத்து நொடிக்குப் பத்து மீட்டர் தாண்டினா கட்டின கயிற அவுக்காத. அதையும் எழுது."

வெள்ளி காலை யுகே துறையில் பாய்மரத்துக் கம்பிகளெல்லாம் ஊளையிட்டன. காற்று பதினான்கு மீட்டர். போன் செய்தேன். ஃபுமியே அவன் காதோரம் பிடித்திருக்க வேண்டும், மூச்சுதான் முதலில் கேட்டது.

"எவ்வளவு அடிக்குது?" என்றான்.

"பத்துக்குள்ளதான். கிளம்பட்டுமா?"

"கம்பி கத்தறது இங்க வரைக்கும் கேக்குது. பொய் சொல்லவும் உனக்கு வராது. பதினாலு. கட்டிப் போடு."

"நீ நாளைக்கு இருப்பியா?" ஜோக்காகக் கேட்கத்தான் நினைத்தேன்.

"எனக்கு எங்கடா பஸ் பிடிக்கணும்?" என்றான்.

கயிறுகளை இரட்டையாகக் கட்டினேன். டின்னில் இருந்த கானாங்கெளுத்தியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்தேன். சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஃபுமியே கூப்பிட்டார்.

"ஹிராகா சான், அவர் போயிட்டார்."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. காற்று அப்போதும் அதே வேகத்தில்தான் அடித்தது. அது ஒன்றுதான் ஆறுதல், அதுவும் ஆறுதலாக இல்லை.

"வெள்ளிக்கிழமையத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் புதன்கிழமையே சொல்லிட்டார். அவருக்கும் தெரியும். காலையில நீங்க போனை வச்சதும் கேட்டேன், உண்மையச் சொல்லி வரச் சொல்லியிருக்கலாமேன்னு. 'சொன்னா வந்துருவான், அதான் பயம்'னார்."

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை தோமொபிக்கி" என்றார்.

அந்த நாளில் இறுதிச்சடங்கு வைத்தால் போகிறவர் நண்பர்களையும் கூட இழுத்துக்கொண்டு போவார் என்று எங்கள் ஊர்களில் நம்பிக்கை. எரியூட்டும் இடத்தையே மூடிவிடுவார்கள்.

"அதனால சடங்கு திங்களுக்குப் போயிடுச்சு. இல்லேன்னா நாளைக்குக் காலையிலேயே சடங்கு மண்டபத்துக்கு எடுத்திருப்பாங்க. நாளைக்கு முழுக்க இங்கதான், ஜன்னலோரமாவே இருப்பார். நீங்க வாங்க. மெதுவா வாங்க."

பாவி, தனக்கும் ஒரு கையிருப்பு நாள் வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை காற்று பாய்க்கு வேண்டிய அளவுக்கு அடங்கியிருந்தது. நீரோட்டம் மாறும் நேரம் முக்கால் மணி தள்ளிப் போயிருந்ததால் ஆறே முக்காலுக்குக் கயிற்றை அவிழ்த்தேன். நாலு நாட் வேகம்தான் வந்தது, அவன் சொன்னபடியே. நீரிணைக்கு வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. ஒரு நிமிடம் பிசகவில்லை. பீற்றிக்கொள்ள ஆள் இல்லை.

தண்ணீர் ஓட்டமே இல்லாமல் கிடந்தது. சரிவில் அந்த ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ, பக்கத்தில் கறுப்பில் ஃபுமியே. அவர் கையை உயர்த்தினார். என் கையும் பாதி எழுந்தது. பிறகு சுக்கானுக்கே திரும்பியது.

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, அரை நிமிடம் நிறுத்தலாமே என்று தோன்றியது. அதற்குள் பாறைகளை ஒட்டித் தண்ணீர் சுழிக்க ஆரம்பித்திருந்தது. பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு தாண்டிப் போனேன்.