கோழி வேஷத்தில் வந்த பகையாளி

கனடாவின் வின்னிபெக்கில் நோயாளியைப் பார்க்கப் போவதற்கு ஹெர்ஷலைப் போல இன்னொரு ஆள் கிடையாது. அதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும், பாருங்கள். சிலர் போவார்கள், கட்டில் ஓரமாக உட்கார்ந்து, இதே வியாதியில் போய்ச் சேர்ந்த தங்கள் சித்தப்பாவின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்வார்கள், நோயாளிக்கு வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். ஹெர்ஷல் அப்படியில்லை. கதவைத் தட்டிவிட்டு நிற்பார். உள்ளே போனதும் முதல் காரியமாக, கண்ணில் அடிக்கிற வெளிச்சத்தை மறைப்பார். தண்ணீர்க் குவளையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைப்பார். தலைமாட்டில் உட்கார மாட்டார். அந்த இடம் கடவுளுக்கு உரியது என்பது யூதர்களான எங்கள் வழக்கம். ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்து, அவர்கள் களைப்பதற்கு முன்பே எழுந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட ஹெர்ஷலால் ஒரே ஒரு நோயாளியைத்தான் பார்க்கப் போக முடியவில்லை. யூடல். ரொட்டிக்கடை வைத்திருந்த யூடல். அரை டிராயர் காலத்துச் சிநேகிதன்.

பிளவு சூப்பால் வந்தது. நோயாளிகளைப் பார்க்கும் சங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சூப் திருவிழா நடத்தும். ஆளுக்கொரு அண்டா கோழி சூப் கொண்டுவருவார்கள். ஊரே வந்து வாங்கிக் குடிக்கும். கிடைக்கிற பணமெல்லாம் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வேனுக்கும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் போகும். நல்ல சூப்புக்குப் பரிசும் உண்டு. அந்த வருஷம் ஹெர்ஷல் நடுவர். சங்கத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண், மாமிசம் தொடாதவள், காளான் சூப் கொண்டுவந்திருந்தாள். ஹெர்ஷல் குடித்துப் பார்த்தார். மறுபடியும் குடித்தார். முதல் பரிசை அதற்குக் கொடுத்துவிட்டார்.

யூடலின் கோழி சூப்புக்கு மூன்றாம் இடம். மேடையிலேயே கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போன யூடல் அதன் பிறகு ஹெர்ஷலோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெபக்கூடத்தில் இருவரும் அடுத்தடுத்த நாற்காலி. நடுவில் மறைப்பாக ஒரு கோட்டு தொங்கும்.

இப்போது யூடலுக்கு நெஞ்சில் அடைப்பு. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

அதற்கு முந்தின வாரம் ஜெபக்கூடத்தின் கீழ்த்தளத்துச் சமையலறையில் பூரிம் பண்டிகைக்கான பொட்டலங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கத்துத் தலைவி பெய்லா, யூடலின் மூத்த சகோதரி, மருத்துவமனையில் யார் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஹெர்ஷல், நீ மூணாவது மாடி. அஞ்சாவது மாடிப் பக்கம் தலை வச்சும் படுக்காதே."

"அஞ்சாவது மாடியில என்னக்கா இருக்கு?"

"என் தம்பி இருக்கான். தெரியாத மாதிரி கேக்காதே."

ஹெர்ஷல் ஒரு பொட்டலத்தின் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். "வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு வந்துடுறேனே."

"சட்டம் தெரியுமில்ல உனக்கு? பகையாளி நோயாளியப் பாக்கப் போகக்கூடாது. படுத்திருக்கிறவன் என்ன நெனைப்பான்? நம்ம கதியப் பாத்து ரசிக்க வந்திருக்கான்னு நெனைப்பான். இருக்கிற வியாதி இன்னும் கூடிரும்."

"நான் அவனுக்குப் பகையாளி இல்லக்கா. அவன்தான் எனக்குப் பகையாளி."

"அப்படின்னா நீ போய்ப் படு. அவன் உன்னைப் பாக்க வராம நான் பாத்துக்கிறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹெர்ஷல் சிரிக்கவில்லை. பெய்லா குரலைத் தணித்தாள்.

"இங்க பாரு. 'ஹெர்ஷல் என் பகையாளி இல்ல'ன்னு அவன் வாயால சொல்லட்டும், நானே உன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். நேத்திக்குக் கூடக் கேட்டேன். முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான்."

"பயப்படுறானா அக்கா?"

"இல்லேங்கிறான். அப்போ ரொம்பவே பயப்படுறான்னுதான் அர்த்தம்."

ஹெர்ஷலுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை யூடலின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஊரில் முகம் தெரியாதவர்களையெல்லாம் போய்ப் பார்த்த மனுஷன், இவனைப் பார்க்காமல் இருந்து, திங்கட்கிழமை ஏதாவது ஆகிவிட்டால்? ஹெர்ஷலாகப் போகக்கூடாது, சரி. ஹெர்ஷலாகப் போகாவிட்டால்?

பூரிம் நாளில் எங்களில் வேஷம் கட்டாதவன்தான் விசித்திரமாகத் தெரிவான். எஸ்தர் ராணியின் கதையை வாசிப்பார்கள். கொடியவன் ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் எல்லோரும் சத்தம் போட்டு அதை அமுக்குவார்கள். மருத்துவமனையில் கிலுகிலுப்பைக்கு அனுமதி இல்லை. ஆகவே நோயாளிகள் மாத்திரைப் புட்டிகளைக் குலுக்குவார்கள். சங்கத்துத் தொண்டர்கள் ராஜாவாகவும் கரடியாகவும் கடற்கொள்ளைக்காரனாகவும் அறை அறையாகப் போய்ப் பொட்டலம் கொடுப்பார்கள். சூப் திருவிழா அன்று வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற கோழி உடுப்பு ஒன்று சங்கத்தில் உண்டு. பூரிமுக்கு அதைப் பல் டாக்டர் மெர்வின் போட்டுக்கொள்வது வழக்கம். ஐந்தாவது மாடி அவருடையது.

பூரிம் அன்று, ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் ஹெர்ஷல் அவரை மடக்கினார்.

"டாக்டர், என் ராஜா உடுப்பை எடுத்துக்குங்க. வெல்வெட்டு. கிரீடத்துல கல்லு வச்சிருக்கு. மாடியையும் மாத்திக்குவோம்."

"எதுக்குங்க திடீர்னு?"

"கோழியா இருந்து பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

மெர்வினுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அந்த உடுப்புக்குள் கொதிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது மாடி நர்ஸ் கோழியை மேலும் கீழும் பார்த்தாள். "இறகு கொட்டாம போங்க" என்றாள், அவ்வளவுதான்.

கழுத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஹெர்ஷல் பார்க்க முடிந்தது. கட்டிலில் யூடல் இளைத்துக் கிடந்தான். மாவு பிசைந்து பிசைந்து உலக்கையாட்டம் இருந்த கைகள் போர்வை மேல் ஏதோ வேறொருவருடையவை போல இருந்தன. நல்லவேளை, கோழிக்கு முகம் மாறாது.

"வாங்க கோழியம்மா" என்றான் யூடல், உற்சாகமில்லாமல். "அங்க வச்சுட்டுப் போங்க."

கோழி பொட்டலத்தை வைத்தது. போயிருக்கலாம். ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? ஜன்னல் திரையை ஒரு பக்கம் இழுத்தது. வலப்பக்கம் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து, கட்டிலைச் சுற்றி வந்து, இடப்பக்கம் வைத்தது.

யூடல் இடக்கைக்காரன். அந்த மருத்துவமனையில் அது யாருக்கும் தெரியாது.

யூடல் குவளையைப் பார்த்தான். பிறகு கோழியைப் பார்த்தான். மெதுவாகத் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உக்காருங்க கோழியம்மா. என்ன அவசரம்?"

கோழி கால்மாட்டு நாற்காலியில் உட்கார்ந்தது.

"உங்க இனத்துக்கே துரோகம் பண்ணின ஒருத்தன் இந்த ஊர்ல இருக்கான், தெரியுமா? கோழி சூப் போட்டியில காளானுக்குப் பரிசு குடுத்தான். நீங்கல்லாம் எதுக்கு உசுரைக் குடுத்தீங்க?"

கோழி சிறகை விரித்துக் காட்டியது.

"நல்லாச் சொன்னீங்க. அவன் நாக்கு அப்படி. வீட்டுல அவனே வைக்கிற சூப் இருக்கே, பாத்திரம் கழுவின தண்ணியில ஒரு கேரட்டைக் காட்டிட்டு எடுத்த மாதிரி இருக்கும்."

கோழியின் அலகு ஒரு தடவை ஆடியது.

யூடல் பொட்டலத்தைப் பிரித்து, கசகசா வைத்த முக்கோண பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான். "பாக்டரி சரக்கு. இதுக்கு அட்டைப்பெட்டியத் தின்னலாம்." தின்றுகொண்டே இருந்தான். "அவன் நாட்டியம் ஆடிப் பாத்திருக்கீங்களா? நம்ம சொந்தக்காரப் பொண்ணு ஸ்டெல்லா கல்யாணத்துல ஆடினான். மேளக்காரங்க ஆம்புலன்சைக் கூப்பிட்டாங்க."

உள்ளே ஹெர்ஷலுக்கு வேர்வை முதுகில் ஓடியது. வாயைத் திறந்தால் அவர் ஹெர்ஷல். ஹெர்ஷல் என்றால் பகையாளி. பகையாளி என்றால் வெளியே. பல்லைக் கடித்துக்கொண்டார்.

யூடல் இரண்டாவது பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டான். குரல் மாறியது.

"கோழி."

கோழி தலையைச் சாய்த்தது.

"நாளைக்கு நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. அக்காகிட்ட ஒண்ணுமில்லேன்னு சொல்லி வச்சிருக்கேன். மனுஷங்ககிட்ட இதெல்லாம் சொல்ல முடியாது. கோழிகிட்ட சொல்லலாமில்ல? எனக்குப் பயமா இருக்கு."

கோழி எழுந்து வந்தது. சிறகை அந்தக் கைமேல் வைத்தது. குரலை மாற்றிக்கொண்டு, "கொக்" என்றது.

"புரியல. எனக்குக் கோழி பாஷை தெரியாது."

"கொக், கொக்."

"ம்ஹூம். சரி, நான் செத்துட்டா அந்தக் காளான்காரன்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. அன்னைக்கு என் சூப்தான் நல்லா இருந்துச்சு. அவனுக்கும் தெரியும். பொறாமையில மூணாவது போட்டான்."

அவ்வளவுதான். கோழிக்குள்ளிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது.

"உப்பு கரிச்சுதுடா, மடையா. மூணு கரண்டி குடிச்சுப் பாத்தேன். எப்படியாவது உனக்கே குடுத்துடலாம்னுதான் மூணு கரண்டியும் குடிச்சேன். உப்பு!"

யூடல் சிரித்தான். முதலில் சத்தமில்லாமல், பிறகு கட்டிலே ஆட. தலைக்கு மேலிருந்த, இதயத் துடிப்பு காட்டும் பெட்டி கீச்சிட்டது. நர்ஸ் ஓடிவந்தாள். அவள் பின்னால், கம்பளிக் கோட்டின் மேல் அட்டைக் கிரீடத்தோடு, பெய்லா.

ராஜா உடுப்பில் மெர்வினை மூன்றாவது மாடியில் பார்த்தபோதே அவளுக்குக் கணக்கு இடித்திருந்தது. நேராகக் கோழியிடம் வந்து தலையைக் கழற்றினாள். உள்ளே ஹெர்ஷல், முடியெல்லாம் நனைந்து, கண் சிவந்து.

"சொன்னேனா இல்லையா உன்கிட்ட?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. குவளையத்தான் நகர்த்தினேன்."

பெய்லா தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு யூடல். இவன் உனக்குப் பகையாளியா, இல்லையா? ஆமான்னா இப்பவே வெளிய அனுப்பறேன். இல்லேன்னா நாற்காலியில உக்காரட்டும். மழுப்பாதே."

யூடல் மாட்டிக்கொண்டான். "இல்லை" என்று சொல்வதற்கு அவன் நாக்கு இத்தனை வருஷமாகப் பழகவில்லை. கூரையைப் பார்த்தான். மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான்.

"அக்கா, இன்னைக்குப் பூரிம். இன்னைக்குச் சிநேகிதனுக்குத் தின்பண்டம் குடுக்கணும்னும் ஒரு சட்டம் இருக்கில்ல?"

"இருக்கு."

"இவன் குடுத்தான். நான் பாதி தின்னுட்டேன். இனிமே பகையாளின்னு சொன்னா, தின்னதை என்ன செய்யறது?"

பெய்லா கிரீடத்தைச் சரிசெய்துகொள்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா காளானுக்குத் தண்டனை உண்டு" என்றான் யூடல். "நாளைக்கு நான் வெளிய வர்ற வரைக்கும் இவன் இந்த உடுப்பைக் கழட்டக்கூடாது. கீழ உக்காந்து எனக்காகக் காத்திருக்கணும். கோழியா."

"டேய், நாளைக்குப் பூரிம் முடிஞ்சிருமேடா."

"அதனாலதான் சொல்றேன்."

திங்கட்கிழமை. ஊரில் எல்லோரும் சாதாரண உடையில் சாதாரண முகத்தோடு வேலைக்குப் போய்விட்டார்கள். அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே, அழுத கண்ணும் ஆறின காப்பியுமாக உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு நடுவில், ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. காவல்காரர் இரண்டு தடவை வந்து விசாரித்தார். "நேர்ந்துக்கிட்டது" என்று சொல்லி அனுப்பினாள் பெய்லா. பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான அம்மாள், புருஷனை உள்ளே அனுப்பிவிட்டுக் காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்தவள், கோழியைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் லேசாகச் சிரித்தாள். கோழி அவளுடைய காப்பியைச் சூடாக மாற்றிக் கொண்டுவந்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தது.

மதியம் தாண்டி டாக்டர் வெளியே வந்தார். "யூடல் குடும்பத்தார் யாரு?"

பெய்லா எழுந்தாள். கோழியும் எழுந்தது. டாக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டு, இரண்டு பேரையும் சமமாகப் பார்த்துப் பேசினார். கோழித் தலைக்குள் திணித்திருந்த பஞ்சு ராத்திரியோடு நழுவிக் காதை அடைத்திருந்ததில் ஹெர்ஷலுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. டாக்டரின் வாய் மட்டும் அசைந்தது. நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று தெரியவில்லை.

"என்னக்கா சொல்றாரு? என்ன சொல்றாரு?"

பெய்லா அலகைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, ஓட்டைக்குள் கத்தினாள்.

"பொழச்சுட்டான்."

கோழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. சிறகு இரண்டாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியது. அந்த வயதான அம்மாள் குனிந்து அதன் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.