சித்ராதேவிக்கு ஒரு பின்சீட்டு

ஜெயபாண்டி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையில் துணியை மேசைமேல் விரித்து அடுக்க ஆரம்பித்தால் சாயங்காலம் டீ வரும்வரை ஆள் இருக்கிற இடமே தெரியாது. அவனுக்கு வாய்த்தவளோ நேர் எதிர். சித்ராதேவி அவனுக்கு அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே நீ, வா, போதான். வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். நாள் முழுக்க நின்றபடி பனியன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போடுவது அவள் வேலை. அங்கே பேசினால் சூப்பர்வைசர் வள்ளென்று விழுவார்.

சரி, வீட்டிலாவது பேசலாம் என்றால் அதற்கும் இடம் வேண்டுமே! உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். லைன் வீட்டில் இரண்டு அறை. அதற்குள் இவர்கள் இருவர், மகன் தனுஷ், ஜெயபாண்டியின் தம்பி தவசி, தம்பி பெண்டாட்டி வேல்விழி, அவர்களுடைய கைக்குழந்தை. சுவருக்கு அந்தப் பக்கம் பீகார்ப் பையன்கள். புருசனும் பெண்டாட்டியும் ரகசியமாக ஒரு வார்த்தை பேசினால் வேல்விழி அதற்கு அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள். பாவம், அவளும்தான் காதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அதனால் அவர்களுக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமையும் வண்டியும்தான். காலையில் தனுஷை வேல்விழியிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பிவிடுவார்கள். பல்லடம் தாண்டி, குண்டடம் தாண்டி, தாராபுரம் வரைக்கும். காரியம் என்று ஒன்றும் கிடையாது. போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியது. பழைய வண்டி அது, பெஞ்சு மாதிரி நீளச் சீட்டு. ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்ட அவள் ஒட்டி உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் காற்றாலைகள் வந்துபோவதுகூடத் தெரியாது. யார் யாரோடு ஓடிப்போனார்கள், எவள் கண்ணாடி முன்னால் அழுதாள், தனக்கு எது பயம், எது ஆசை, எல்லாம் வரும். பாதியைக் காற்று அடித்துக்கொண்டு போகும். மீதி அவனுக்கு. அந்த மீதிக்காகத்தான் அவன் வாரம் பூராவும் துணி வெட்டினான் என்று சொன்னாலும் தப்பில்லை.

யார் கண் பட்டதோ, போன தீபாவளிக்கு வண்டியை மாற்றினான். புது வண்டி முன்னால் பருந்து மாதிரி குனிந்திருக்கும், பின்னால் தேள் கொடுக்கைத் தூக்கிய மாதிரி நிமிர்ந்திருக்கும். அந்தக் கொடுக்கின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. அதுதான் பின்சீட்டாம்! ஓட்டுகிறவனுக்கு என்ன, சொகுசாகத்தான் இருந்தது. தனுஷைத் தவசியோடு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, அதில் சித்ராதேவியை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்த் தீபாவளி கொண்டாடிவிட்டுத் திரும்பினான். வாசலில் இறங்கியவளால் நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வால் எலும்பு நைந்துபோயிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரையில் வலி தணிந்ததே ஒழிய அவள் கோபம் தணியவில்லை.

"இனி உன் வண்டியில ஏறமாட்டேன் மாமா. ஊருக்குன்னாலும் பஸ்ஸுல வந்துக்கிறேன்" என்றாள். கத்தவில்லை. அதுதான் அவனை ரொம்பப் பயமுறுத்தியது.

சொன்னபடி ஏறவும் இல்லை. ஞாயிறு வந்தது, போனது. அவள் துணி துவைத்தாள், பாய் உதறினாள், தூங்கினாள். கேஸ் தீர்ந்துவிட்டது, தனுஷுக்குச் செருப்பு வாங்கவேண்டும், இதுதான் பேச்சு. இதெல்லாம் ஒரு பேச்சா? ஜெயபாண்டி ஏங்கிப்போனான். பழைய வண்டியையே திரும்ப வாங்கிவிடலாம் என்று போனால் அது எப்போதோ கைமாறி எங்கேயோ போய்விட்டிருந்தது. கட்டிங் மேசையில் சாம்பல் நிறத் துணியை இழுத்து விரிப்பான். டியூப்லைட் வெளிச்சத்தில் அது நீண்டுகொண்டே போகும். குண்டடத்துக்கு அப்பால் வளைவே இல்லாமல் கிடக்கிற ரோடு அது. ஓரத்தில் காற்றாலைகள் ஓசையில்லாமல் சுற்றும். முதுகில் ஒரு சூடு தெரியும். உதவிக்கு நிற்கிறவன் "அண்ணே, துணி முடிஞ்சிருச்சு" என்று தோளைத் தொடும்போது கத்தரியும் கையுமாக முழிப்பான்.

சீட்டைச் சரிசெய்தால் அவள் ஏறுவாள் என்று ஒருநாள் அவனுக்குப் பட்டது. திருப்பூர்க்காரனுக்கு எதை அடைக்கவேண்டுமென்றாலும் கையில் கிடைப்பது பனியன் வேஸ்ட்தானே. வெட்டி மிஞ்சின துணித்துண்டுகளை ஒரு மூட்டை கொண்டுவந்து, பின்சீட்டைக் கழற்றி, உறைக்குள் திணி திணி என்று திணித்தான். மெத்தை மாதிரி உப்பி நின்றது. இவ்வளவு தூரம் மெனக்கெட்டிருக்கிறானே என்று சித்ராதேவியும் மனமிரங்கி ஏறினாள். பல்லடம் போவதற்குள் துணியெல்லாம் உருண்டு திரண்டு கருங்கல் ஜல்லி ஆகிவிட்டது. திரும்பும்போது மழை வேறு. குடித்த தண்ணீரையெல்லாம் அந்தச் சீட்டு வாரம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. தவசி சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தான்.

அதற்கப்புறம்தான் அனுப்பர்பாளையத்தில் குஷன் கடை வைத்திருக்கிற மயில்சாமியிடம் போனான். மயில்சாமிக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. "வண்டிக்கு அழகே பொறவாலதானுங்க. அதையப் போயி திண்டு கட்டச் சொல்றீங்களே" என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டாலும் ஸ்பாஞ்சு வைத்துக் கொடுத்தார். அந்த ஞாயிறு சோதனை ஓட்டம். சித்ராதேவி இறங்கினாள். மணிபர்சிலிருந்து செக்கிங் ஸ்டிக்கரை எடுத்துச் சீட்டில் எங்கெங்கே வலித்ததோ அங்கங்கே ஒட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஜெயபாண்டி சீட்டை அப்படியே கொண்டுபோய்க் காட்டினான். மயில்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஏனுங்க, இது சீட்டுங்களா, மேப்புங்களா?" என்றார். இருந்தாலும் அம்புக்குறி காட்டின இடத்தையெல்லாம் தோண்டினார், அடைத்தார், உயர்த்தினார், தாழ்த்தினார். அடுத்த ஞாயிறு வேறு இடத்தில் ஸ்டிக்கர். ஓரம் தொடையை அறுக்கிறது. பின்னால் சரிகிறது. பிரேக் பிடித்தால் முன்னால் வழுக்குகிறது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. மயில்சாமிக்கும் ரோசம் வந்துவிட்டது. பின்பக்கக் கம்பியையே அறுத்துத் தாழ்த்தி, இரண்டு சீட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அகலப் பலகை கொடுத்து, சாய்ந்துகொள்ள ஒரு திண்டும், பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடியும் வைத்தார். வண்டி அழகு போயே போய்விட்டது. கல்யாண மண்டபத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பருந்து பறக்கிற மாதிரி இருந்தது. தவசி அதற்குச் சிம்மாசனம் என்று பேர் வைத்தான். ஜெயபாண்டிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சோதனை ஓட்டம் முடிந்து சித்ராதேவி இறங்கினாள், சீட்டைத் தடவினாள், ஸ்டிக்கரை எடுக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு தாராபுரம் போகலாம் என்றாள். அன்று அவனுக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

அந்த ஞாயிறும் வந்தது. காலை வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. பல்லடத்தின் தறிச் சத்தம் பின்னால் போய், கோழிப்பண்ணை வாடை போய், ரோடு வெறிச்சென்று திறந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த சோளக்காடு, வேலியோரம் செம்மறிகள், அதற்குமேல் வானத்தைக் கிளறிக்கொண்டு காற்றாலைகள். ஜெயபாண்டி ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். இப்போது ஆரம்பிப்பாள். பல்லடத்தில் ஆரம்பிப்பாள் என்று பார்த்தான், இல்லை. குண்டடத்தில் நிச்சயம் என்று நினைத்தான். குண்டடமும் போய்விட்டது. பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

இத்தனை மாசத்தில் என்னிடம் பேசுவதற்கே மறந்துவிட்டாளா? இல்லை, பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதா? சீட்டைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேனே, நான் ஒரு முட்டாள். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் டொக்கென்று ஹெல்மெட் வந்து இடித்தது. அப்புறம் மொத்தப் பாரமும் மெதுவாக அவன்மேல் சாய்ந்தது. இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஒரு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். சித்ராதேவி தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை பாடுபட்டு மயில்சாமி வைத்த திண்டு பின்னால் சும்மா கிடந்தது.

இறங்கலாமென்றால் அவள் விழுந்துவிடுவாள். எழுப்ப மனசு வரவில்லை. இரண்டு காலையும் ஊன்றி, வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். நித்திரை சுகம் அறியாது என்பார்கள். சொன்னவர் யாரோ, பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்காதவர். வேப்பம்பூ ஒன்றிரண்டு டாங்கின்மேல் உதிர்ந்தது. காற்றாலையின் நிழல் காட்டைக் கடந்து வந்து ரோட்டைத் தொட்டுத் தொட்டுப் போனது. கால் மரத்துப்போய், அது தன் கால்தானா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்தது. தூங்குவது அவளா நானா என்றும் ஒரு மயக்கம்.

பால் கேனோடு மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நிறுத்தினார். "ஏனுங்க, வண்டி நின்னு போச்சுங்களா? பெட்ரோல் கிட்ரோல் வேணுங்களா?" என்றார். ஜெயபாண்டி கண்ணால் பின்னால் காட்டினான். பெரியவர் எட்டிப் பார்த்தார். தன் வண்டியை அணைத்துவிட்டு, சத்தம் வராமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், அப்புறம்தான் மிதித்துக் கிளப்பினார்.

நிழல் நன்றாக நகர்ந்த பிறகு சித்ராதேவி கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கி முன்னால் வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் காலை உதறிக்கொண்டிருந்தான்.

"ஏன் மாமா, எழுப்பிவிட வேண்டியதுதான?"

"நீ பேசுவேன்னு நெனச்சேன்" என்றான்.

"பேசலைன்னா தூங்கி விழுந்துருவேன்னுதான மாமா அந்த வண்டியில அம்புட்டுப் பேச்சு பேசுனது! வாரம் பூரா நின்னுட்டு வந்து உக்காந்தா கண்ணு சொருகும். வாயி அசைஞ்சாத்தான் முழிச்சிருக்க முடியும். இதுல விழவேமாட்டேன்னு தெரிஞ்சுச்சு, தூங்கிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜெயபாண்டிக்குச் சுருக்கென்றது. வாரம் பூராவும் காத்திருந்து கேட்ட பேச்சு, தனக்கென்று நினைத்து நெஞ்சில் வைத்திருந்த பேச்சு, தூக்கத்தை விரட்டுவதற்கான சத்தம்தானா? முகம் தொங்கிப்போயிற்று. அவள் சிரிப்பு நின்றது.

"ஏ, இங்க பாரு. விழாம இருக்கத்தான் பேச ஆரம்பிச்சேன். பேசப் பேச, வீட்டுல யாருகிட்டயும் சொல்லாததெல்லாம் வந்துருச்சு. வேற யாருகிட்ட வரும்?" என்றாள். அவன் சட்டையிலிருந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டு, "இத்தனை வருசமா உன் பின்னால முழிச்சுக்கிட்டே வந்துருக்கேன் மாமா. இன்னிக்கு ஒரு நாளு தூங்கிக்கிறேனே" என்றாள்.

இந்த வண்டி, அந்த வண்டி எல்லாவற்றிலும் அவள் எப்படி உட்கார்ந்து வருகிறாள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்தவனில்லை அவன். தூங்கு என்றான். அவள் ஏறி உட்கார்ந்து, திண்டை விட்டுவிட்டு அவன் முதுகிலேயே சாய்ந்தாள். "நீ பேசிக்கிட்டே ஓட்டு. இந்த வண்டியில யாராச்சும் ஒருத்தர் முழிச்சுப் பேசணும்ல" என்றாள்.

பேசுவதா, அவனா! வண்டி உருண்டது. ஒரு காற்றாலை போயிற்று, இன்னொன்று போயிற்று. மூன்றாவதும் போன பிறகுதான் வாய் திறந்தது.

"நீ வண்டியில ஏறமாட்டேன்னு சொன்னதுக்கப்புறம், கட்டிங் டேபிள்ல துணி விரிக்கையில, நீ பேசுறாப்புல நானே மனசுக்குள்ள பேசிப் பாத்துக்கிட்டேன் சித்ரா."

"ம்" என்றாள் பின்னால்.

"உன் குரலு வரவே மாட்டேங்குது."

"ம்."

"நீ பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு. ஊருல பெத்த அய்யா செத்தப்பக்கூட எனக்கு இப்படி இல்ல. அன்னைக்கு எல்லாரும் நான் அழுகலைன்னு சொன்னாக. நான் கெணத்து மோட்டார் ரூமுக்குள்ள போயி அழுதேன். ஒருத்தருக்கும் தெரியாது."

இதற்கு "ம்" வரவில்லை. முதுகில் பாரம் மெல்லக் கூடியது. ஜெயபாண்டி அவள் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, அடுத்த மரத்தடியைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டான். தாராபுரம் இன்னும் வெகுதூரம் இருந்தது. மோட்டார் ரூமுக்குள் என்ன நடந்தது என்பதை அவன் விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.