ஓரமில்லாத கண்ணாடி

1

இந்தக் கதை எனக்கு மந்தாரக்குப்பம் டீக்கடையில் கிடைத்தது. பொய். எழில்மதி போனில் சொன்னாள். டீக்கடை என்றால் எழுத்தாளனுக்குக் கொஞ்சம் கெத்தாக இருக்குமே என்று போட்டேன். அவள் நெய்வேலியில் என்னோடு படித்தவள். இப்போது புனேவில் ஓர் ஆய்வகத்தில் லேசர் கண்ணாடிகளோடு மல்லுக்கட்டுகிறாள்.

2

'வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த அந்தத் தெருவில் எழில்மதி...'

(வேண்டாம். அங்கே வேம்பு இருந்ததா என்பதே நினைவில்லை. ஷிப்ட் முடிந்து மொத்தமாகத் திரும்பும் சைக்கிள்களின் மணிச்சத்தம்தான் நினைவிருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். எழில்மதியின் அப்பா நல்லசாமி நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அம்மா இல்லை. கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார். அவரைப் புனேவுக்கே அழைத்துப் போக எழில்மதி வந்திருந்தாள். மறுநாள் ரயில்.

3

"அங்க நீ என்னதாம்மா பண்ற?" என்று கேட்டார் நல்லசாமி.

"லேசர்ல ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெளிச்சம் போய்ப் போய் வரும்ப்பா. ஒவ்வொரு தடவையும் பலமாகும், கொஞ்சம் அகலமும் ஆகும். வெளிய விடற கண்ணாடி நடுவுலதான் நல்லா திருப்பி அனுப்பும். ஓரத்துக்குப் போகப் போக அது கொறஞ்சுகினே வந்து, கடைசியில வெளிச்சத்தை முழுசா வெளிய விட்டுடும்."

"கண்ணாடிய ஓரத்துல ஒரே வெட்டா வெட்டி வுட்டா என்னா?"

"வெட்டுன ஓரத்தால வெளிச்சக் கத்தை பூரா வளையம் வளையமா அலை விழும். பாழாயிடும்."

நல்லசாமி தலையாட்டிவிட்டு, "வாக்கிங் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

(இதில் ஏதோ தத்துவம் இருப்பதாக உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எழில்மதி திட்டினாள்: "கண்ணாடியைக் கண்ணாடியாவே எழுதுடா. நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் பூச்சோட தடிமன் மெல்ல மெல்ல மாறும், அவ்ளோதான்.")

4

இருட்டியும் அப்பா வரவில்லை. போனையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். எழில்மதி தேடிக்கொண்டு பழைய குவார்ட்டர்ஸுக்கே போனாள். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஷப்னம் பக்கத்தில் நின்றாள்.

"தெனமும் இப்படித்தாங்கக்கா. கேட்டைத் தொறந்துகினு வந்துடுவாரு. அப்புறந்தான் இது இப்ப தன் வூடு இல்லன்னு நெனப்பு வந்து முழிப்பாரு. பாவமா இருக்கும். நான்தான் உக்காருங்கப்பான்னு டீ போட்டுக் குடுப்பேன்."

தினமுமா? போனில் ஒருநாளும் அவர் சொன்னதில்லை. எழில்மதிக்கு அழுகை முட்டியது.

5

முதல் முடிவு: அவர் ரயிலேறுகிறார். எழுதிப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்த அவர் முகத்தை எழுத வரவில்லை.

இரண்டாம் முடிவு: அவர் இங்கேயே இருந்துவிடுகிறார். தனியாக ரயிலேறும் எழில்மதியின்...

இதுவும் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

"வீட்டுக்குப் போலாமாப்பா?" என்றாள் எழில்மதி.

நல்லசாமி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"எந்த வீட்டுக்கும்மா?"

அதற்கு என்ன சொன்னாள் என்று எழில்மதி சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியமில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவர் நின்றுகொண்டிருக்கிறார்.