வீடு மாறாதவளின் இன்டர்நெட் கட்டணம்

1

இந்தக் கதை மாடிப்படியில் கிடைத்தது. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நின்றதை ஒட்டுக்கேட்டேன். தப்புதான்; ஆனால் வழியை மறித்துக்கொண்டு நின்றது அவர்கள். கீழ்வீட்டில் இருப்பவள் தட்டச்சுக்காரி. மருத்துவர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டு, எழுத்தாக்கி அனுப்புகிறவள். மேல்வீட்டில் இருப்பவள் கறிக்கடை அக்கா. இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பெனியின் இன்டர்நெட். கம்பத்திலிருந்து இறங்கும் ஒரே ஒயர், சுவரில் இருக்கும் ஒரே டப்பாவில் பிரிகிறது. அன்றைக்குத்தான் தெரிந்தது, அக்கா கட்டுவதைப் போல இரண்டு பங்கு தட்டச்சுக்காரி கட்டுகிறாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘கண்ணுக்குத் தெரியாத ஒளிநதியொன்று அந்தச் சுவரின் ஊடே—’

அடித்துவிட்டேன். நதியும் இல்லை, ஒளியும் இல்லை. கறுப்பு ஒயர். எலி கடித்த இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது.

2

விலை எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொட்டாவி வந்தால் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுங்கள்.

புதிதாகச் சேர்கிறவருக்குச் சலுகை விலை. வருடம் திரும்பியதும் முழு விலை. அதை யார் கட்டுவார்கள் என்றால், வாயைத் திறக்காதவர்கள் கட்டுவார்கள். லைனைத் துண்டிக்கச் சொல்கிறவரின் அழைப்பு மட்டும், விலகுகிறவரைப் பிடித்து நிறுத்தும் தக்கவைப்புப் பிரிவுக்குப் போகும். அங்கே இருக்கிறவர் கையில் பழைய சலுகை பத்திரமாக இருக்கிறது. ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை, வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று வாடிக்கையாளர் தன் வாயால் சொன்னால்தான் அதை நீட்டலாம். அந்தச் சொல்லை அவரே எடுத்துக்கொடுக்கக் கூடாது. பேச்சு பதிவாகும், மீறினால் வேலை போகும்.

(விளம்பரத்தில் ‘இத்தனை வேகம் வரை’ என்று போட்டிருப்பார்கள். அந்தக் கம்பெனியில் ஓய்வே இல்லாமல் உழைப்பது அந்த ‘வரை’தான். சாயங்காலம் கட்டடமே படம் பார்க்க உட்காரும்போது எல்லோரும் ஒரே ஒயரைப் பிடித்து இழுப்பார்கள், வேகம் தவழும். கம்பெனி பொய் சொல்லவில்லை. வரை என்றுதானே சொன்னது.)

நான் மூட்டை இறக்குகிறவர்கள் நடுவே வளர்ந்தவன். அங்கேயும் வாய் உள்ளவனுக்கு ஒரு கூலி, இல்லாதவனுக்கு ஒரு கூலி. ஆனால் யாரும் அதற்குச் ‘சிறப்புத் திட்டம்’ என்று பெயர் வைத்ததில்லை.

3

தட்டச்சுக்காரி மேல் எனக்குச் சந்தேகம். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? போனில் பேசும் இயந்திரக் குரலுக்கு நன்றி சொல்கிறாள். அவளைக் கொஞ்சம் கோபக்காரியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். அவள் உடனே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். விட்டுவிட்டேன்.

முழு விலை கட்டினால் இந்த வேலையில் அவள் கையில் ஒன்றும் நிற்காது. வேலையை விட்டால் பழையபடி சலவை ஆலையில் நாளெல்லாம் நின்று துணி மடிக்க வேண்டும். முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

படியில் நின்று அக்கா பாடம் நடத்தினாள்.

“நீ பேசுறது கைமாத்து கேக்கிற மாதிரி இருக்குடி. ‘கட்டுப்படியாகல, வேற கம்பெனிக்குப் போறேன், லைனைத் துண்டிச்சிடு’ன்னு சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிக்கோ. மிச்சத்தை அவன் பேசுவான்.”

“மனசு கஷ்டப்படாதாக்கா?”

“யாருக்கு, கம்பெனிக்கா?”

“போன் எடுக்கிறவருக்கு.”

எலும்பே இல்லாத துண்டைத் தராசில் வைத்துப் பார்ப்பது போல அக்கா அவளைப் பார்த்தாள்.

4

அக்கா கடைக்குப் போனதும் தட்டச்சுக்காரி போன் போட்டாள். தக்கவைப்புப் பிரிவில் ஒருவன் எடுத்தான். லைனைத் துண்டிக்கச் சொன்னாள். அது வரை சரி. காரணம் கேட்டான்.

கட்டுப்படியாகல என்பது தொண்டை வரை வந்தது. சொன்னால், நீங்கள் அதிகமாக வாங்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னது போல ஆகுமே. யார் மேலும் பழி விழாத காரணம் ஒன்றைத் தேடினாள்.

“நாங்க வீடு மாறுறோங்க.”

புது வீட்டுக்கே லைனை மாற்றித் தருவதாக அவன் சொன்னான். அங்கே உங்கள் ஒயர் வராது, தூரம் என்றாள். எந்த இடம் என்று கேட்டான்.

“மலைங்க. மலை மேல.”

மலைக்குப் போகிறவரைத் தக்கவைக்க எந்தச் சலுகையும் கிடையாது. அன்று சாயங்காலமே துண்டித்துவிடுவார்கள் என்றான். அவள் நன்றி சொன்னாள். சொன்ன பிறகுதான் மேசையில் பாதியில் நிற்கும் குறிப்புகள் கண்ணில் பட்டன.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அக்கா ஓடிவந்து போனைப் பிடுங்கிப் பேசுவது ஒன்று. அக்கா கடையில் வியாபாரத்தில் இருக்கிறாள். இதற்காகக் கத்தியைக் கீழே வைக்க மாட்டாள்.

துண்டித்த பிறகு தட்டச்சுக்காரி தன் கணவன் பெயரில் புது வாடிக்கையாளராகச் சேர்ந்து சலுகை வாங்குவது இன்னொன்று. நடக்கும். ஆனால் ஒயர்க்காரர் வந்து சேர்வதற்குள் மருத்துவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

மூன்றாவதில், கம்பெனி தன் தவறை உணர்ந்து

(முடிக்க முடியவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

6

அழைப்பை முடிக்கும் முன் வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்பது அவன் வேலை. கேட்டான். அவள் மேசையில் இருந்த குறிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம், மெதுவாகக் கேட்டான்.

“தம்பி, நாங்க வீடு மாறலைங்க.”

“அப்ப மலை?”

“மலையும் இல்லைங்க.”

அவன் பக்கம் ஒரு சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. பதிவில் அது தும்மலாக நிற்கும்.

“அப்புறம் எதுக்கும்மா துண்டிக்கச் சொன்னீங்க? உங்க வாயால சொன்னாத்தான் நான் எதுவும் செய்ய முடியும்.”

பிறகு அவனும் பேசாமல் காத்திருந்தான். எடுத்துக்கொடுக்க அவனுக்கு அனுமதி இல்லை. எனக்கு அனுமதி உண்டு. ஆனால் நீங்களும் அவளைப் போலத்தான். எலி கடித்த ஒயரையும் ‘வரை’யையும் பொறுத்துக்கொண்டு, புத்தகத்தை மூடிவிடுவேன் என்று ஒரு தரம் கூட மிரட்டாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நான் எதற்கு முடிவைச் சலுகையாகத் தர வேண்டும்?

படியில் அக்கா சொன்னது நினைவிருக்கும். லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை, அவள் வாய் பாதி திறந்திருக்கிறது. சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக.