ஹெலிகே எங்கே போனது

அலோன் வட்டாரத் தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பழைய பட்டணம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி அருள்ஜோதியிடம் சொன்னபோது, போதகர் வேதாகமத்தில் வரும் கொரிந்து பட்டணத்தைத்தான் எதிர்பார்த்தார். அருள்ஜோதி எடுத்துக்கொண்டதோ ஹெலிகே. பழைய கிரேக்க நாட்டில், கடற்கரையோரம் செழித்திருந்து ஒரே இரவில் காணாமற்போன ஊர்.

கப்பல் ஏஜென்ஸியில் குமாஸ்தாவான அவருக்கு மேடை புதிது. மூன்று வாரம் படித்தார். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்து, மனைவி ரெபேக்காவிடம் திட்டும் வாங்கினார். பேச்சின் கடைசியில் ஒரு வெடி வைத்திருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தானாகச் சிரிப்பு வந்தது.

முப்பது பேர் வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் பரிமாற, மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடும் மொஹிங்கா சேமியா கொண்டுவந்த அம்சவேணி, பின்வரிசையில் மீன்குழம்புப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் அவள் வீடு.

"ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முந்தி, ஒரு குளிர்கால ராத்திரி," என்று அருள்ஜோதி தொடங்கினார். "நிலம் நடுங்குச்சு. கடல் ஏறி வந்துச்சு. விடிஞ்சு பாத்தா ஊரே இல்ல. பிணம் எடுக்க ரெண்டாயிரம் பேர் வந்தாங்க. அதுவும் முடியல."

கூடத்தில் கைவிசிறிகள் நின்றுவிட்டன. அவருக்குத் தைரியம் வந்தது.

"நம்ம காலத்துல அந்த ஊரைக் கடலுக்கடியில வருசக்கணக்கா தேடினாங்க. கிடைக்கல. ஏன்?" என்று வேண்டுமென்றே இழுத்தார்.

"பக்கத்துல ஆறு ஓடுதா, சயா?" அம்சவேணியின் குரல். படித்தவர்களை அவள் மரியாதையாக அழைப்பது அப்படித்தான்.

"ரெண்டு ஆறு ஓடுது."

"அப்ப கடல்ல எதுக்குத் தேடணும்? தோட்டத்தைத் தோண்டணும். நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப எங்க வீட்டுப் பின்னாடி சம்பான் படகைக் கொண்டாந்து கட்டிப்போடுவாங்க. ஆறு சேத்தைக் கொண்டாந்து கொட்டிக் கொட்டி, இப்ப அங்க வெண்டைக்கா காய்க்குது."

அருள்ஜோதி கடைசிக்கு வைத்திருந்த அந்த வெடி இதுதான். கரையிலிருந்து தள்ளி, தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் கீழேதான் ஹெலிகேயின் சுவர்கள் கிடைத்தன. மூன்று வார உழைப்பை மொஹிங்காக்காரி ஒரே மூச்சில் ஊதிவிட்டாள். ஒரு கணம் அவருக்குக் கோபம்கூட வந்தது. முன்வரிசையில் ரெபேக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்ததும் அவரும் சிரித்துவிட்டார்.

"அக்கா சொன்னதுதான் சரி. ஆராய்ச்சிக்காரங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க எத்தனை வருசமாச்சு தெரியுமா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல!"

கூடம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அருள்ஜோதி அவளை முன்னால் அழைத்தார். அவள் இடுப்பில் கட்டியிருந்த லொஞ்சியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு சாக்பீஸை வாங்கினாள். கரும்பலகையில் அவர் கடலை வரைந்தார். அவள் இரண்டு ஆறுகளையும், அவை கொட்டிய சேற்றையும் வரைந்தாள். ஊரின் சந்தை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்து, ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

டாலா படகுத்துறைக்கு அவர் அவளை வழியனுப்பப் போனபோதும் அந்த வாக்குவாதம் ஓயவில்லை. பேசிக்கொண்டே நின்றதில் முதல் படகு அவளை விட்டுவிட்டுப் போனது. அருள்ஜோதிக்கு அன்றுபோல் மனம் நிறைந்த ஞாயிறு வேறில்லை.