ஏழு மணி நேரத் தண்ணீர்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் இருபத்தொரு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.

ஒரே ஆறு ஓடும் மூன்று நாடுகளிலிருந்து, நாட்டுக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். ஐந்து நாள் பயிலரங்கு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு, பயிற்சித் திட்டம் ஒன்றில் மூன்று நாட்டுத் தலைவர்களும் கையெழுத்திட வேண்டும். அந்த ஆற்றுக்கு மூன்று நாட்டிலும் மூன்று பெயர். எதைப் போட்டாலும் மற்ற இருவர் முகம் கோணும் என்பதால் ஆவணங்களில் வெறுமனே ‘ஆறு’ என்றுதான் இருந்தது. ஏற்பாடுகளைக் கவனித்த பயிற்சி நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் சிவகாமசுந்தரியும் அவளுக்கு உதவியாக இருந்த இம்ரானும் தங்களுக்குள் நாடுகளின் பெயரையும் சொல்வதில்லை. மேல்வீடு, நடுவீடு, கீழ்வீடு. அணை கட்டி வைத்திருப்பது மேல்வீடு. அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல்வீட்டில் ஈரத்துணியை நீட்டினால் கீழ்வீட்டில் காய்ந்துகொண்டிருக்கும் போர்வையில் சொட்டும்.

பதினான்கு வருடங்களில் எத்தனையோ பயிலரங்குகளுக்கு நாற்காலி போட்டவள் சிவகாமி. நாடுகளை ஆங்கில அகரவரிசைப்படி உட்கார வைப்பது வழக்கம். அன்று காலை, திரையில் வரப்போகும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே பெயர்ப் பலகைகளை வைத்தவள், தன்னை அறியாமல் ஆற்றின் போக்கிலேயே வைத்துவிட்டாள். மேடைக்குப் பக்கத்தில் மேல்வீடு, நடுவில் நடுவீடு, கழிப்பறைக்குப் போகும் கதவோரம் கீழ்வீடு. அழகாக இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். கீழ்வீட்டின் தலைவர், வெள்ளைத் தலைமுடியும் மெல்லிய குரலும் கொண்டவர், தன் பெயர் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். உட்காரவில்லை.

“இங்கேயும் நாங்கதான் கடைசியா?” என்றார் ஆங்கிலத்தில். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம்.

தேநீர் இடைவேளையைப் பதினைந்து நிமிடம் முன்னால் இழுத்தார்கள். எந்த நாட்டை முதலில் வைத்தாலும் இன்னொரு நாடு கடைசியில்தான் வரும். இம்ரான் பலகைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கையில் அடுக்கிக்கொண்டு நின்றான்.

“அக்கா, நாட்ட விட்டுருங்க லா. ஆளுங்க பேர அகரவரிசையில வச்சிருவோம். ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி. யாரும் சண்டை போட முடியாது.”

அப்படித்தான் மேல்வீட்டு அணையில் மதகு இயக்கும் பூன்மியும் கீழ்வீட்டு ஆற்றங்கரையில் நீர்மட்டம் குறிக்கும் செண்டாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்கள். அந்த அறையில் அதிகாரி அல்லாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். களப்பணியாளர்களும் வரலாம் என்று விதி இருந்ததால் வந்தவர்கள். பூன்மிக்கு நாற்பது வயதிருக்கும். புதுச்சட்டையின் மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது. செண்டா அவனைவிடச் சிறியவள். நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தை எழுதாதபோதும் மடியிலேயே வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு வரைபடம் திரையில் வந்தது. அணையில் மதகைத் திறந்தால் அந்தச் செய்தி கீழ்வீட்டு ஆற்றங்கரைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைக் காட்டும் படம். அணை அலுவலகம், அமைச்சகம், வெளியுறவு, இன்னொரு வெளியுறவு, இன்னொரு அமைச்சகம், மாநிலம், மாவட்டம். கடைசிப் பெட்டியில் செண்டா. மொத்தம் இரண்டு நாள். அதன் கீழே சிறிய எழுத்தில், தண்ணீர் வந்து சேரும் நேரம்: ஏழு மணி நேரம். மதகு அறைக்கும் ஆற்றங்கரைக்கும் நேரடியாக ஒரு தொலைபேசித் தொடர்பு வேண்டும் என்று கீழ்வீட்டுத் தலைவர் எழுதிக் கொடுத்திருந்தார். மேல்வீட்டுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்னறிவிப்பு என்பது ஒப்பந்த விஷயம், இது பயிற்சிக் கூட்டம், அதற்கான அதிகாரம் எனக்கு இல்லை என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது சிவகாமிக்குத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அந்த அம்சம் வரைவிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்துத் தட்டச்சு செய்தவளும் அவள்தான்.

புதன்கிழமை மாலை ஓய்வு. மற்றவர்கள் மரினா பே பக்கம் பேருந்தில் போனார்கள். பூன்மியும் செண்டாவும் மட்டும் ஹோட்டல் வாசலில் நின்றார்கள். சிவகாமி அவர்களைப் பக்கத்துத் தெருவில் தோசைக்குக் கூட்டிப்போனாள். தேசிய தினத்துக்குக் கட்டிய சிவப்பு வெள்ளைத் தோரணம் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதை நெடுகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் இலை போட்டார்கள். பூன்மி மசால் தோசையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நடுவில் கை வைத்தான். செண்டா அவனைப் பார்த்து ஓரத்திலிருந்து பிய்த்துக் காட்டினாள். அவளுக்கும் அன்றுதான் முதல் தோசை.

இருவருடைய ஆங்கிலமும் எண்களில் மட்டும் நன்றாக இருந்தது. செண்டா நீல நோட்டைப் பிரித்துப் போன வருடத்து அக்டோபர் பக்கத்தைக் காட்டினாள். “மூணாந்தேதி. மத்தியானம் பன்னெண்டு பத்து. நாலு மீட்டர் இருபது,” என்றாள். அந்த எண்ணைச் சுற்றி மையால் இரண்டு வட்டம் போட்டிருந்தது. பூன்மி சட்னி படாத விரலால் கைபேசியைத் தள்ளித் தள்ளி ஒரு படத்தை எடுத்தான். தன் மதகு அறைப் பதிவேட்டின் பக்கம். அக்டோபர் மூன்று, காலை ஐந்து பத்து, மூன்று மதகுகள். ஓரத்தில் அவன் கையெழுத்து.

இரண்டையும் இலைக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஒரே தண்ணீர். மேலே அவன் எழுதியது, கீழே அவள் எழுதியது. நடுவில் ஏழு மணி நேரம்.

“அன்னிக்கு என் வீட்டுக்காரர் வலை எடுக்கப் போயிருந்தார்,” என்றாள் செண்டா. “ஒண்ணரை நாள் மரத்துல இருந்தார். அப்புறம் படகு வந்து எடுத்துச்சு. இப்ப ஆத்துக்குப் போறதில்ல. மோட்டார் சைக்கிள்ல ஆளுங்கள ஏத்திட்டுப் போறார்.” சொல்லிவிட்டு அவசரமாக, “நல்லா இருக்கார். நல்லா சாப்பிடுறார்,” என்று சேர்த்தாள். யாரோ அவளைத் தப்பாக நினைத்துவிடுவார்கள் என்பதுபோல.

பூன்மி கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். “மேல இருந்து போன் வரும். திறன்னா திறப்பேன்,” என்றான். “திறக்கும்போது கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அங்கேருந்து பார்த்தா மலைதான் தெரியும்.” பிறகு தன் இலையில் தொடாமல் வைத்திருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தான். அவள் அதை இரண்டாகப் பிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். சிவகாமி சாம்பார் வாளிக்காரரைக் கூப்பிடுகிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“போன் நம்பர் குடுத்தா போதுமே,” என்றாள் பூன்மியிடம், சற்றுப் பொறுத்து.

பூன்மி தலையை அசைத்தான். வெளிநாட்டு ஆளுக்கு மதகு விவரம் சொன்னதாகத் தெரிந்தால் வேலை போகும். காகிதம் வேண்டும். காகிதத்தில் தலைவர் கையெழுத்து இருக்க வேண்டும். அவன் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

சிவகாமி உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எட்டு மணி. அவள் கணவன் ரமணன் மலேசியாவின் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவன். தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவன். வேலையிடத்தை விட்டால் ஒரு செய்தி, சுங்கச் சோதனையைத் தாண்டினால் ஒரு செய்தி. இரண்டாவது செய்தி வந்த பிறகுதான் அவள் அரிசியைக் குக்கரில் போடுவாள். அன்று அவன் முன்னாலேயே வந்து, தானே சோறு வடித்து முட்டை பொரித்து வைத்திருந்தான்.

“மெசேஜ் ரெண்டு போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. உங்க ஆத்துல முழுகிட்டியா?”

அவள் கதையைச் சொன்னாள். பன்னிரண்டு பத்து, ஐந்து பத்து, வடை எல்லாவற்றையும். ரமணன் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

“யாருகிட்டயாவது பர்மிஷன் கேட்டுட்டா நான் உனக்கு மெசேஜ் போடுறேன்?”

“அது வீடு. இது கவர்மெண்ட்.”

“பதினெட்டு வருசமா டெய்லி ரிப்போர்ட் குடுக்குறேன். உங்க இன்ஸ்டிடியூட்ல அஞ்சு நாள் உக்காந்துட்டுப் போறவனுக்கெல்லாம் சர்டிஃபிகேட் குடுக்குறீங்க. எனக்குக் குடுத்தியா ஒண்ணு?”

“அஞ்சு நாள் உக்காந்தா மட்டும் குடுக்க மாட்டோம். ஊருக்குப் போயி ஹோம்வொர்க் முடிச்சு அனுப்பணும். அப்புறம்தான்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு மடிக்கணினியைத் தேடிப் போனாள்.

நிலையத்தின் பழைய வழக்கம் அது. பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர் கற்றதைச் செய்து பார்த்து அனுப்ப வேண்டும். அதுவரை சான்றிதழ் அனுப்பப்படாது. திட்டத்தின் பின்னிணைப்பில் அந்த வீட்டுப்பாடம் என்ற பகுதி எப்போதும் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. சிவகாமி அதில் நான்கு வரி எழுதினாள். பங்கேற்பாளர் பூன்மி ஆறு மாதங்களுக்குத் தினமும் தன் மதகு நிலவரத்தைக் குழுச் செய்தியாகப் பங்கேற்பாளர் செண்டாவுக்கு அனுப்ப வேண்டும். செண்டா தன் நீர்மட்டத்தைப் பதிலாக அனுப்ப வேண்டும். தகவல் பரிமாற்றப் பயிற்சி. மதிப்பீட்டாளர்: ஒருங்கிணைப்பாளர்.

வியாழக்கிழமை காலை நிலைய இயக்குநர் பரமசிவம் அதை இரண்டு முறை படித்தார். அவர் அதிகம் பேசாதவர். கறாரானவர் என்று பெயர்.

“சிவகாமி, நாம இடம் குடுக்குறவங்க. சாப்பாடு போடுறவங்க. யாரு பக்கமும் பேசுறது நம்ம வேலை இல்ல. நாளைக்கு இவங்க எழுந்திரிச்சுப் போயிட்டா அடுத்த வருசம் பயிலரங்கே இல்ல, தெரியும்தானே?”

“தெரியும் சார். ஒளிச்சு வைக்கச் சொல்லல. மூணு பேருக்கும் படிச்சுக் காட்டிட்டே வைக்கலாம். வேணாம்னு சொன்னா எடுத்துடுறேன்.”

அவர் காகிதத்தை மேசையில் நேராக வைத்தார். ஓரத்தைச் சரிசெய்தார். “ஹோம்வொர்க்,” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். “என் மகளும் இதே மாதிரிதான். என்கிட்ட கேக்காததை எல்லாம் ஸ்கூல் ப்ராஜெக்ட்னு சொல்லிச் செஞ்சிருவா.” சிரிக்கவில்லை. ஆனால் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பரமசிவமே பின்னிணைப்பை வரிக்கு வரி படித்தார். நடுவீட்டுத் தலைவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுத் தலைவர் மேசையையே பார்த்தார், பார்வையை உயர்த்தினால் எதுவோ கலைந்துவிடும் என்பதுபோல. மேல்வீட்டுத் தலைவர் மட்டும் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து மறுபடி படித்தார். பூன்மி, பெயர் சொல்லப்பட்ட மாணவன் மாதிரி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

“இது முன்னறிவிப்பா?” என்று கேட்டார் மேல்வீட்டுத் தலைவர்.

“இல்லை. வீட்டுப்பாடம்,” என்றார் பரமசிவம்.

சிவகாமி கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். தலைவர் வெகுநேரம் யோசித்தார். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. ஊரில் தனக்கு மேலே இருப்பவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து எடைபோடும் ஒரு மனிதரின் களைப்புதான் இருந்தது. கடைசியில் பேனாவை எடுத்து ‘தினமும்’ என்பதை அடித்துவிட்டு ‘அலுவலக நாட்களில்’ என்று எழுதினார். ஆறு மாதத்தை மூன்று மாதமாக்கினார். சுருக்கொப்பம் போட்டுக் காகிதத்தைத் தள்ளினார். கீழ்வீட்டுத் தலைவர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“சனி ஞாயிறு தண்ணி லீவு போட்டுரும் போல,” என்றான் இம்ரான், நாற்காலிகளை மடக்கும்போது. சிவகாமி பெயர்ப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். ஒன்றுமில்லாததற்கு ஐந்து மேல் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முழுதாக முடியவில்லை.

சனிக்கிழமை விமான நிலையத்தில் செண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னாள். மொழிபெயர்க்க யாரும் இல்லை. சிவகாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வீட்டுப்பாடம் வந்தது. குழுவில் மூன்று பேர். காலை: மதகு மூடியிருக்கிறது. மாலை: ஒன்று புள்ளி எட்டு மீட்டர். மறுநாளும் அதே. சிவகாமி ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து அட்டவணையில் ஏற்றினாள். செப்டம்பர் முதல் வாரத்தில் பூன்மி, எண்ணுக்குக் கீழே, மதகு அறை ஜன்னலில் கூடு கட்டிய குருவியின் படத்தை அனுப்பினான். செண்டா பதிலுக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் படத்தை அனுப்பினாள். அதன் மேல் ஒல்லியான ஓர் ஆள் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். சனி, ஞாயிறுகளில் குழு அமைதியாக இருந்தது.

செப்டம்பர் 21, சனிக்கிழமை. சிவகாமி உட்லண்ட்ஸ் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தாள். மணி ஏழு இருபத்தைந்து. அணையில் அப்போது காலை ஆறு இருபத்தைந்து. பூன்மியிடமிருந்து செய்தி வந்தது. நான்கு மதகு, காலை ஆறு இருபது. வேறு எதுவும் எழுதவில்லை. அவள் மீனை வாங்காமலே கொஞ்ச தூரம் நடந்துவிட்டாள். மீன்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். அதையே செண்டாவுக்குத் தனியாகவும் அனுப்பினாள்; அதன் கீழே ஒற்றைக் குறிதான் விழுந்தது. கீழ்வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. செண்டாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். மூன்றாவது முறை அழைக்கும்போது குறி இரண்டானது, நீலமானது.

சிங்கப்பூர் நேரம் பதினொன்றரைக்குச் செண்டாவிடமிருந்து ஒரு படம் வந்தது. சரிந்த மண் கரையின் உச்சியில், மாமரத்தடியில், ஒன்பது படகுகள் கவிழ்த்துக் கிடந்தன. கயிற்றின் ஒரு முனை ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் கட்டியிருந்தது. கீழே ஆறு இன்னும் தாழ்ந்து, கலங்காமல் இருந்தது.

தண்ணீர் அங்கே ஒன்று பதினைந்துக்கு வந்தது. நான்கு மீட்டர் நாற்பது.