குழாயடியில் நின்ற செயலாளர்

பம்பாய் கோவண்டியில் சுயம்புவின் குடிசைக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார் பிரம்மநாயகம். பகலில் அவர் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வேலை விட்டால், தாராவியில் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கத்துக்குச் செயலாளர். ரேஷன் கார்டா, ஆஸ்பத்திரியா, புருஷன் பெண்டாட்டி சண்டையா, யார் கூப்பிட்டாலும் ஓடி வருவார். கூப்பிட்டால் கிடைக்காதது அவருடைய வீட்டாருக்கு மட்டும்தான்.

அது அறுபத்து நாலாம் வருஷம், தீபாவளி முடிந்த சமயம். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சங்கம் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அனுப்பலாம் அண்ணாச்சி. தண்ணி யாரு பிடிப்பா?" என்று கேட்டான் சுயம்பு. செம்பூரில் ஒரு கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன் அவன். "எம் பொண்டாட்டி காலைலயே பாத்திரம் தேய்க்கப் போயிருதா. மூத்தவ லைன்ல நின்னாத்தான் வீட்டுல சோறு பொங்கும்."

"ஏன்வே, உமக்குக் கை இல்லையா? டூட்டி முடிஞ்சு வந்து குப்புறப் படுக்கீரே, அந்நேரம் ரெண்டு குடம் தூக்குனா மீசை உதிர்ந்து போகுமோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுயம்புவின் பெண்டாட்டியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சுயம்பு தலையைக் குனிந்துகொண்டான். பேச்சு நன்றாக எடுபட்டது என்ற திருப்தியோடு பிரம்மநாயகம் தாராவியிலுள்ள தன் வீட்டுக்கு ரயிலேறினார்.

பொங்கல் வந்தது. சங்கத்தின் ஆண்டு விழாவுக்காக அன்று ஒர்க்‌ஷாப்புக்கு லீவு போட்டிருந்தார். பெண் கல்வியைப் பற்றிச் சாயங்காலம் அவர்தான் பேச வேண்டும். காலையிலேயே பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவரைத் தேடிக்கொண்டு சுயம்பு வந்தான்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னபடி நாந்தான் தண்ணி பிடிக்கேன். மூத்தவ பள்ளிக்கூடம் போறா. ஆனா எங்க பஸ்தில குடிசை போட்டிருக்க ஆளுக என்னைப் பொம்பளச் சுயம்புன்னு கூப்பிடுறானுவ. நீங்க ஒருநாள் வந்து நாலு வார்த்தை சொன்னா அடங்குவானுவ."

பிரம்மநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "வாரும், வீட்டுல காப்பி குடிச்சுக்கிட்டே பேசுவோம்" என்று அழைத்துக்கொண்டு நடந்தார். அந்த வேளையில் அவர் தன்னுடைய சந்துக்குள் நடந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

குழாயடியில் பெண்களின் வரிசை சந்து முனைவரை நீண்டிருந்தது. அடுத்த வீட்டு மதீனா பீவி அவரைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பி, "ஏட்டி தாயி, ஒங்கப்பா வாராக" என்றாள்.

பித்தளைக் குடத்தோடு நின்ற சிறுமி சட்டென்று மதீனா பீவியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவருடைய மகள் ஆறுமுகத்தாய். நாலாம் வகுப்பு.

"ஏளா, பள்ளிக்கூடம் லீவா?"

சிறுமி குடத்தின் வாயை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கீங்க?" என்றாள் மதீனா பீவி. "தண்ணி விடுற நேரம் மாறுனதுல இருந்து இவ தெனமும் இங்கதான நிக்கா? தீபாவளிக்கு முந்தியே பள்ளிக்கூடத்த விட்டு நின்னாச்சே."

தீபாவளிக்கு முந்தி. அப்படியென்றால் கோவண்டியில் டின்மேல் உட்கார்ந்து ஊரையே சிரிக்கவைத்த அன்றைக்கும், இவள் பள்ளிக்கூடத்தை விட்டு இந்த வரிசைக்கு வந்துவிட்டவள்தான்.  சுயம்பு சிரிப்பான், கேட்பான் என்று பிரம்மநாயகம் பயந்தார். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமலே போய்ச் சிறுமியின் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டான்.

"நீங்க புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க அண்ணாச்சி. நான் பிடிச்சுக் கொண்டாறேன். எனக்குப் பழக்கந்தான்."

நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவர் மனைவி பேராச்சி இட்லி விற்கிறவள். காலையில் சயான் பக்கம் போனால், அலுமினியப் பாத்திரம் காலியான பிறகுதான் திரும்புவாள். அன்று அவள் படியேறுவதற்குள், "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார். குரலில் அதிகாரம் வரவில்லை.

"சொன்னேன். வாசல்ல யாரோ சண்டைன்னு வந்து நின்னாவ. பாப்போம்னு சொல்லிட்டுச் சட்டையை மாட்டிக்கிட்டுப் போனீங்க. ரெண்டாவது வாட்டி சொன்னப்ப தூங்கிட்டீங்க." பேராச்சி பாத்திரத்தை இறக்கி வைத்தாள். "நானும் ஒங்க சங்கத்துல வந்து மனு குடுத்திருக்கணும். அவசரமாக் கவனிச்சிருப்பீங்க."

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை நன்றாக அறிந்தவர். எத்தனையோ பிள்ளைகளைப் பிரம்மநாயகம் அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். "யார் வீட்டுக் குழந்தை?" என்று வழக்கம்போலக் கேட்டார். "என் வீட்டுக் குழந்தைதான் சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் பிரம்மநாயகம். நாளையிலிருந்து வந்து உட்காரலாம், ஆனால் ஜூனில் மறுபடியும் நாலாம் வகுப்புதான் என்றார் தலைமையாசிரியர். பிள்ளைக்கு ஒரு வருஷம் போனது போனதுதான்.

சாயங்காலம் மேடைக்குக் கூப்பிட்டபோது பிரம்மநாயகம் போகவில்லை. மத்தியானம் தொடங்கும் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றி வாங்கப்போவதாகவும், சாயங்காலக் கூட்டங்களுக்கு வேறு செயலாளரைப் பார்த்துக்கொள்ளும்படியும் தலைவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஷிப்ட் மாறும்வரை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு மறுநாள் குழாயடிக்கு வந்தார். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் அவர் தோளில் தூக்கியதில் சட்டையெல்லாம் நனைந்தது. டீக்கடையில் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுயம்புவும் இப்படித்தானே நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். எல்லாரையும்விட மகளின் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது.

பையோடு போய்க்கொண்டிருந்த ஆறுமுகத்தாய் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தாள்.

"அப்பா, நாளைக்கும் நீங்கதான் தண்ணி பிடிப்பீங்களா?"

"நாந்தாம்மா."

அவள் நம்பினமாதிரித் தெரியவில்லை. அவரையும் குடத்தையும் பார்த்துவிட்டுப் போனாள்.

"மேடையில பேசுறத விட இது கஷ்டமா அண்ணாச்சி?" என்று கேட்டாள் மதீனா பீவி.

"ரொம்பக் கஷ்டம்மா" என்றார் பிரம்மநாயகம். "பொம்பளப்புள்ளைய படிக்க வையின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். குடம் தூக்க வெக்கப்படுற அப்பன் இருக்குற வீட்டுல எந்தப் புள்ள படிக்கும்? நம்ம வீட்டுப் புள்ள எங்க நிக்கான்னு தெரியாதவன் ஊருக்கு உழைக்கேன்னு சொன்னா, அது சேவை இல்லம்மா, வெறும் வெளம்பரம்."